பட்டு நூலில் ஒரு வேதியியல் பாடம்

விலங்கியலும் தாவரவியலும் பயிலும் நம்மில் பலருக்குத் துணைப்பாடமாக வரும் வேதியியல் ஒரு பெருஞ்சுமையாகவே தோன்றுகிறது. தவளையின் இதயத்தைப் படத்திலேனும் மாதிரியிலேனும் காணலாம்; செம்பருத்திப் பூவை இதழ் இதழாகப் பிரித்துப் பார்க்கலாம். அணுவை யார் கண்டார்? எலக்ட்ரானை யார் தொட்டார்? ஆகவே, இணைதிறன் பட்டியலை மனப்பாடம் செய்து, தேர்வறையில் இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு வெளியே வருகிறோம். “உயிரைப் பற்றிப் படிக்க வந்தவனுக்கு உயிரற்ற பொருள்களின் கணக்கு எதற்கு?” என்ற கேள்வியை நம் துறை மாணவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன்.

இக்கேள்விக்கு விடை நூலகத்தில் மட்டும் இல்லை; நம் ஊர்த் தெருக்களிலும் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்தும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் பேருந்தேறி வந்து படிப்பவர்கள் நாம். நம்மில் பலர் வீட்டில் தறி உண்டு. என் வீட்டிலும் ஒரு குழித்தறி உண்டு. அத்தறியில் ஏறும் பட்டு நூலையும் சரிகையையும், நம் ஊர்க் கோயில்களையும், தெற்கே ஓடும் பாலாற்றையும் துணையாகக் கொண்டு, அணு என்றால் என்ன, தனிமம் என்றால் என்ன, அவை உயிரோடு எவ்வாறு உறவு கொள்கின்றன என்பதைச் சக மாணவர்களுக்குச் சொல்ல முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூதங்களும் தனிமங்களும்

நிலம், நீர், நெருப்பு, காற்று, வெளி என ஐம்பூதங்களைச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அவற்றுக்குரிய ஐந்து தலங்களில் நிலத்துக்குரியது நம் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில். நீருக்குத் திருவானைக்காவும், நெருப்புக்குத் திருவண்ணாமலையும், காற்றுக்குக் காளத்தியும், வெளிக்குத் தில்லையும் உரியன. கண்ணாலும் உடலாலும் உணரும் உலகை வகைப்படுத்திய சிந்தனை அது.

வேதியியல் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. ஒரு பொருளை எந்த வேதியியல் முறையாலும் அதைவிட எளிய பொருள்களாகப் பிரிக்க முடியவில்லை என்றால் அதுவே தனிமம். இந்த அளவுகோலை வைத்தால் நிலம் பல சேர்மங்களின் கலவையாகும். காற்று நைட்ரஜன், ஆக்சிஜன் முதலிய வாயுக்களின் கலவையாகும். நெருப்பு ஒரு பொருளே அன்று, அது ஒரு வினை. நீர் இரண்டு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த சேர்மம். பிரெஞ்சு நாட்டு லவாய்சியர் 1789இல் வெளியிட்ட தம் நூலில் 33 பொருள்களைத் தனிமங்கள் எனப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒளியும் வெப்பமும்கூட இடம்பெற்றிருந்தன! பின்னர் வந்தோர் அப்பட்டியலைத் திருத்தியும் பெருக்கியும் வந்தனர். 1869இல் உருசிய நாட்டு மெண்டலீவ் தனிமங்களை வரிசைப்படுத்தி, இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கு இடம் விட்டு அட்டவணை அமைத்தார். இன்று அவ்வட்டவணையில் 118 தனிமங்கள் உள்ளன.

கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. கலவையில் சேர்ந்தவை தம் குணத்தை இழப்பதில்லை. சேர்மத்திலோ இழந்துவிடுகின்றன. சோடியம் தண்ணீரில் பட்டால் வெடிக்கும் உலோகம்; குளோரின் நச்சு வாயு. இவ்விரண்டும் சேர்ந்ததுதான் வரதராசப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு ஆகியவற்றோடு சேரும் உப்பு!

அணு எவ்வளவு சிறியது?

ஒரு தனிமத்தின் குணம் மாறாத மிகச் சிறிய கூறு அணு. அதன் அளவை எண்ணிப் பார்க்கப் பட்டு இழையே நல்ல துணை. பட்டுப்புழு நூற்ற தனி இழையின் தடிமன் ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கே அரிதாகத் தெரியும் அந்த இழையின் குறுக்கே அணுக்களை வரிசையாக அடுக்கினால் சுமார் ஒரு லட்சம் அணுக்கள் வேண்டியிருக்கும்.

இத்தனை சிறிய அணுவுக்குள்ளும் ஓர் அமைப்பு இருக்கிறது. 1897இல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். 1911இல் ரூதர்போர்டு, அணுவின் நிறை ஏறத்தாழ முழுவதும் நடுவிலுள்ள மிகச் சிறிய கருவில் அடங்கியிருப்பதைக் காட்டினார். கருவினுள் நேர்மின்சுமையுடைய புரோட்டான்களும், மின்சுமையற்ற நியூட்ரான்களும் உள்ளன. நியூட்ரானை 1932இல் சாட்விக் கண்டறிந்தார். கருவைச் சுற்றிலும் எதிர்மின்சுமையுடைய எலக்ட்ரான்கள் கூடு கூடாக அமைந்துள்ளன. ஒரு புரோட்டானின் நிறை ஓர் எலக்ட்ரானின் நிறையைப் போல் ஏறக்குறைய 1836 மடங்கு.

இவற்றுள் எதற்கு என்ன வேலை? புரோட்டான்களின் எண்ணிக்கை, ‘நான் யார்’ என்பதைச் சொல்கிறது. அதுவே அணு எண். ஆறு புரோட்டான் இருந்தால் அது கார்பன், ஏழிருந்தால் நைட்ரஜன். வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள், ‘நான் யாரோடு எப்படிச் சேர்வேன்’ என்பதைச் சொல்கின்றன. அதுவே இணைதிறன். இவ்விரண்டு செய்திகளையும் மனத்தில் பதித்துக்கொண்டால் துணைப்பாடத்தின் பாதி நம் கைவசமாகிவிடும்.

நியூட்ரான்களின் எண்ணிக்கை மாறினால் தனிமம் மாறுவதில்லை. எடை மட்டும் மாறுகிறது. இவ்வாறு எடையில் வேறுபட்ட ஒரே தனிமத்தின் அணுக்களை ஐசோடோப்புகள் என்கிறோம். சாதாரண ஹைட்ரஜன் கருவில் நியூட்ரான் இல்லை. டியூட்டிரியத்தில் ஒன்று உண்டு. டியூட்டிரியத்தால் ஆன நீரே கனநீர். 1983இல் இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் முதல் உலை, நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கக் கனநீரையே பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது. அங்கு நடப்பது கருவின் வேலை. நம் உடலிலும் சாயத்தொட்டியிலும் நடப்பதோ எலக்ட்ரான்களின் வேலை. அணுக்கரு இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு இதுவே.

சரிகை: ஒரு குடும்பத்து மூவர்

காஞ்சிப் பட்டின் கரையிலும் முந்தானையிலும் மின்னும் சரிகையை எடுத்துக்கொள்வோம். நடுவே சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல். அதன் மேல் மெல்லியதாக இழுத்துத் தட்டையாக்கிய, செம்பு கலந்த வெள்ளிக் கம்பி. அதற்கு மேல் தங்க முலாம். தங்கம் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவே. ஆயினும் ஒளி முழுவதும் தங்கத்தினுடையதாகவே தெரிகிறது.

செம்பின் அணு எண் 29, வெள்ளிக்கு 47, தங்கத்துக்கு 79. அட்டவணையில் இம்மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரே நெடுவரிசையில் நிற்கின்றன. மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஓர் எலக்ட்ரான். ஆகவேதான் மூன்றும் மின்சாரத்தையும் வெப்பத்தையும் நன்கு கடத்துகின்றன. மூன்றையும் முடி போன்ற கம்பியாக இழுக்க முடிகிறது. அட்டவணையில் ஒரே பத்தியில் நிற்கும் மூன்று தனிமங்கள் நம் தாயார் உடுத்தும் சேலையின் கரையில் இருக்கின்றன என்பது எவ்வளவு வியப்பு! வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு கூடிக் கறுக்கிறது. தங்கம் எளிதில் எதனோடும் கூடுவதில்லை. முலாம் தேய்ந்த இடத்தில் பழஞ்சேலையின் கரை கறுப்பது இதனால்தான்.

சரிகையைப் பற்றிய இச்செய்தி வெறும் அறிவு விருந்தன்று; நெசவாளர் குடும்பத்தின் மானமும் இதில் அடங்கியிருக்கிறது. நெசவாளர் சரிகையைத் தாமே செய்வதில்லை. சூரத்திலிருந்தும், 1971இல் தொடங்கப்பட்ட அரசின் சரிகை ஆலையிலிருந்தும், வேறு இடங்களிலிருந்தும் வரும் சரிகையைச் சங்கமோ முதலாளியோ கொடுக்க, வாங்கி நெய்கிறார். அது போலியாக இருந்தால், வெள்ளிக்குப் பதில் வெறும் செம்போ பிளாஸ்டிக் இழையோ இருந்தால், வாங்கியவரின் பழி கடைசியில் வந்து விழுவது ‘காஞ்சிபுரம் நெசவு’ என்ற பெயரின்மீது. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் அது. இருவர் பல நாள் குழியில் கால் வைத்து உழைத்த உழைப்பு, கண்ணுக்குத் தெரியாத உலோக அளவால் பொய்யாகிவிடக்கூடும்.

சரிகையைக் கீறி உள்ளே சிவப்புப் பட்டு தெரிகிறதா என்று பார்ப்பது பழைய முறை. இன்றைய கருவி எக்ஸ் கதிரைச் சரிகையின்மீது பாய்ச்சுகிறது. அக்கதிர் அணுவின் உட்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. காலியான இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று இறங்குகிறது. இறங்கும்போது அதுவும் ஓர் எக்ஸ் கதிரை வெளியிடுகிறது. அக்கதிரின் ஆற்றல் அணு எண்ணைப் பொறுத்தது. வெள்ளிக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று. இந்த உறவை 1913இல் கண்டறிந்தவர் மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர். 1915இல் முதல் உலகப் போரில், 27ஆம் வயதில் அவர் மாண்டார். அவர் விட்டுச்சென்ற உண்மை இன்று சேலையை வெட்டாமல், எரிக்காமல் அதன் உலோகங்களை எண்ணிச் சொல்கிறது. அணு எண் என்பது தேர்வுக்கான எண் மட்டுமன்று. பொய்யால் மறைக்க முடியாத அடையாளம் என்பதை இதனின்று அறியலாம்.

மணற்கல்லும் மல்பெரி இலையும்

இனி உயிருலகுக்கு வருவோம். 50 கிலோ எடையுள்ள ஒரு மாணவரின் உடலில் ஏறத்தாழ 32 கிலோ ஆக்சிஜன், 9 கிலோ கார்பன், 5 கிலோ ஹைட்ரஜன், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் நைட்ரஜன் இருக்கும். இந்நான்குமே உடல் எடையில் நூற்றுக்கு 96 பங்கு. 118 தனிமங்களுள் உயிர் தனக்கெனப் பெரிதும் தேர்ந்தெடுத்தவை நான்கே நான்கு!

இவற்றுள் கார்பனே நடுநாயகம். அதற்கு வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். முழுதும் கொடுக்கவும் மனமில்லை; முழுதும் வாங்கவும் வலுவில்லை. ஆகவே அண்டை அணுக்களோடு எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கிறது. இதுவே சகப்பிணைப்பு. நான்கு கைகளாலும் மற்ற கார்பன்களைப் பற்றிச் சங்கிலியாகவும் வளையமாகவும் நீள வல்லது அது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருக்கும் சிலிக்கனுக்கும் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள்தாமே? பூமியின் மேலோட்டில் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 28 பங்கு சிலிக்கன்; கார்பனோ ஒரு பங்கில் பத்தில் ஒன்றுகூட இல்லை. பின் உயிர் ஏன் சிலிக்கனை விட்டுக் கார்பனைத் தேர்ந்தது?

விடை கைலாசநாதர் கோயிலில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்த அக்கோயிலின் பெரும்பகுதி மணற்கல். மணற்கல்லின் முதன்மைப் பொருள் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த சேர்மம். கார்பன் ஆக்சிஜனோடு கூடினால் கரியமில வாயு ஆகிறது. அது காற்றில் பறக்கும், நீரில் கரையும், இலையின் துளைக்குள் நுழையும், நம் மூச்சோடு வெளியேறும். சிலிக்கன் ஆக்சிஜனோடு கூடினால் ஒவ்வோர் அணுவும் பக்கத்து அணுக்களோடு பின்னிக்கொண்டு கல்லாகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு நின்று சிற்பத்தைக் காப்பதற்கு அது ஏற்றது. மூச்சு விடுவதற்கு ஏற்றதன்று. கோயிலுக்குச் சிலிக்கன், கோயிலுக்கு வரும் மாந்தருக்குக் கார்பன் என்று இயற்கை பங்கிட்டுக் கொடுத்தது போலும்!

புழு நூற்ற புரதம்

காஞ்சிக்கு வரும் பட்டு நூலின் பெரும்பகுதி கர்நாடகத்துப் பட்டு. அங்கே மல்பெரி இலை காற்றிலிருந்து கரியமில வாயுவையும், மண்ணிலிருந்து நீரையும் நைட்ரேட்டையும் எடுத்துக்கொள்கிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனாக இருந்தும் இலையால் அதை நேரே எடுக்க இயலாது. இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று அவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டிருக்கின்றன. மண் நுண்ணுயிர்கள் அப்பிணைப்பை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். அல்லது உழவர் யூரியா இட வேண்டும். அந்த யூரியாவும் நம் பாடத்துக்குரியதே. 1828இல் ஜெர்மானியர் வோலர், விலங்கின் சிறுநீரில் மட்டுமே உண்டாவதாக எண்ணப்பட்ட யூரியாவை உயிரற்ற உப்பிலிருந்து ஆய்வகத்தில் ஆக்கிக் காட்டினார். உயிர்ப்பொருளின் அணுக்களும் உயிரற்ற பொருளின் அணுக்களும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்ற எண்ணம் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

இலையைத் தின்ற புழு நான்கு முறை தோலுரித்து, சுமார் 25 நாளில் பிறந்தபோதிருந்த எடையைப்போல் ஏறத்தாழ பதினாயிரம் மடங்காகிறது. இலைப் புரதத்திலிருந்து பெற்ற அமினோ அமிலங்களை அதன் பட்டுச் சுரப்பி ஃபைப்ராயின் என்னும் புதிய புரதமாகக் கோக்கிறது. சுரப்பியின் பின்பகுதி ஃபைப்ராயினைச் சுரக்க, நடுப்பகுதி அதன்மேல் செரிசின் என்னும் பசையைப் பூசுகிறது.

ஃபைப்ராயின் சங்கிலியின் பெரும்பகுதியில் கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின் என்ற வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. ஓர் அமினோ அமிலத்தின் கார்பன் அடுத்ததன் நைட்ரஜனோடு சேரும் இடம் பெப்டைடு பிணைப்பு எனப்படும். கிளைசினின் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன். அலனினுடையதும் மிகச் சிறியது. ஆகவே சங்கிலிகள் நெருக்கமாக ஒன்றன் பக்கத்தில் ஒன்று படுத்து, மடிப்புத் தாள்போல் அடுக்கப்படுகின்றன. 1951இல் பாலிங், கோரி என்னும் இருவர் இம்மடிப்புத் தாள் அமைப்பை விளக்கினர். சங்கிலியின் நீளத்தில் வலிய சகப்பிணைப்புகள். சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே மெலிய ஹைட்ரஜன் பிணைப்புகள். ஒவ்வொன்றும் மெலியதுதான், ஆனால் எண்ணற்றவை ஒன்றுசேர்வதால் இழை உறுதியாகிறது. பாவு நூல் தனித்தனியே அறுந்துவிடும், சேலையாகச் சேர்ந்தால் அறாது என்பதற்கு ஒப்பானது இது.

இப்போது நம் வீட்டுப் பெரியவர்களின் சொற்களுக்கு வேதியியல் விளக்கம் காணலாம்.

“நனைந்த பட்டை முறுக்கிப் பிழியாதே” என்பர். நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அங்குள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் சிலவற்றின் இடத்தைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. ஆகவே நனைந்த பட்டு, உலர்ந்த பட்டைவிட வலுக் குறைந்தது.

கச்சாப் பட்டைச் சாயமிடுமுன் சவுக்காரமும் சோடாவும் இட்டுக் கொதிக்க வைப்பர். காரநீரில் செரிசின் கரைந்துவிடும், ஃபைப்ராயின் நிற்கும். நூலின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்து, பளபளப்புப் பிறக்கிறது. நீரில் கால்சியம் மிகுந்திருந்தால் சவுக்காரம் நுரைக்காமல் திரைந்து நூலில் ஒட்டும். சாயமிடுவோர் நல்ல நீரைத் தேடுவதன் காரணம் இதுவே.

சாயத்தொட்டியில் அமிலம் சேர்ப்பர். அமிலத்திலுள்ள ஹைட்ரஜன் அயனி, பட்டிலுள்ள அமினோ தொகுதியோடு சேர்ந்து அதற்கு நேர்மின்சுமை தருகிறது. எதிர்மின்சுமையுள்ள சாய மூலக்கூறு அங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது. இது அயனிப்பிணைப்பு. பாலியஸ்டர் இழையில் அத்தகைய அமினோ தொகுதிகள் இல்லை. ஆகவே அதற்கு இச்சாயம் பிடிப்பதில்லை.

பட்டு நூலைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும். சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். முன்னது நைட்ரஜன் கொண்ட புரதம்; பின்னது நைட்ரஜன் இல்லாத செயற்கைச் சங்கிலி. மூக்கே இங்கு ஆய்வுக்கருவி!

சிறுபான்மைத் தனிமங்கள்

நான்கு பெருந்தனிமங்கள் போக, எஞ்சிய நூற்றுக்கு நான்கு பங்கில் கால்சியம், பாஸ்பரஸ், பொட்டாசியம், கந்தகம், சோடியம், குளோரின், மக்னீசியம் முதலியவை உள்ளன. அவற்றுக்கும் அடுத்து இரும்பு, துத்தநாகம், செம்பு, அயோடின் போன்றவை மிகச் சிறு அளவில் உள்ளன. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தமே மூன்று நான்கு கிராம்தான். அது குறைந்தால் சோகை.

மல்பெரி இலையின் பச்சையத்தையும் நம் குருதியின் ஹீமையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் நடுவே ஓர் உலோக அணுவைச் சூழ்ந்து பற்றியிருக்கின்றன. நடுவில் மக்னீசியம் இருந்தால் பச்சை. அது ஒளியை வாங்குகிறது. நடுவில் இரும்பு இருந்தால் சிவப்பு. அது ஆக்சிஜனைச் சுமக்கிறது. இறாலுக்கும் நண்டுக்கும் அப்பணியைச் செம்பு செய்கிறது. அதனால் அவற்றின் குருதி ஆக்சிஜன் ஏற்றதும் நீலமாகிறது. சரிகையில் கண்ட செம்பே இங்கும் வருகிறது. தனிமம் ஒன்றே, அது இருக்கும் இடமும் அதன் எலக்ட்ரான் நிலையும்தான் வேறு.

பாலாறு தரும் பாடம்

எலக்ட்ரான் நிலை வேறுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பகுதியே துயரமான சான்று தருகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்களைக் கடந்து வந்து, காஞ்சிக்குத் தெற்கே ஓடி, கல்பாக்கத்துக்கு அருகே கடலில் சேர்கிறது பாலாறு. ஆண்டில் பல மாதம் அது வெறும் மணற்பரப்பு. ஆயினும் மணலுக்கடியில் ஊறும் நீரையே கரையோர ஊர்கள் பல குடிக்கின்றன.

தோல் பதனிடக் குரோமியம் பயன்படுகிறது. அதன் அணு எண் 24. மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையிலுள்ள குரோமிய உப்பே தோலிலுள்ள கொலாஜன் புரதத்தைப் பிணைத்துப் பதப்படுத்துகிறது. அது உயிரணுவின் சவ்வைக் கடந்து எளிதில் உள்ளே செல்வதில்லை. ஆனால் குரோமியம் ஆறு எலக்ட்ரான்களை ஆக்சிஜனுக்கு விட்டுக்கொடுத்த நிலையில், நான்கு ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்த குரோமேட் அயனியாகிறது. வடிவிலும் மின்சுமையிலும் அது, உயிரணுவுக்கு வேண்டிய சல்பேட் அயனியைப் போலவே இருக்கிறது. உறவினன் வேடத்தில் வந்த கள்வனுக்குக் கதவு திறப்பதுபோல், சல்பேட்டுக்குரிய வாயில் குரோமேட்டுக்கும் திறக்கிறது. உள்ளே நுழைந்தபின் அது படிப்படியாக எலக்ட்ரான்களைப் பறிக்கிறது, டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என அது உறுதி செய்யப்பட்டுள்ளது. மூன்று எலக்ட்ரான் வேறுபாடு, உயிருக்கும் கேட்டுக்கும் இடையிலான வேறுபாடாகிவிடுகிறது!

1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை, இராணிப்பேட்டையில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை மலைபோல் விட்டுச்சென்றது. பாலாற்றுப் பகுதித் தோல் தொழிற்சாலைகளின் கழிவு குறித்த வேலூர் குடிமக்கள் நல அமைப்பின் வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும்’ என்பதும், ‘கேடு வருமுன் காக்க வேண்டும்’ என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என அத்தீர்ப்பு நிலைநாட்டியது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் பயில்வோர் அனைவரும் படிக்கும் அத்தீர்ப்பு, நாம் பாலம் ஏறிக் கடக்கும் ஆற்றைப் பற்றியது.

குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்தியத் தர அளவு. இது மிகச் சிறிய அளவாயிற்றே என்று தோன்றலாம். 52 கிராம் குரோமியத்தில் ஒரு மோல் அணுக்கள், அதாவது 6.022 எழுதிப் பத்தின் 23ஆம் அடுக்கால் பெருக்கிய அளவு அணுக்கள் உண்டு. அக்கணக்குப்படி 0.05 மில்லிகிராமில் உள்ள அணுக்கள், ஆறு லட்சத்தை லட்சம் கோடியால் பெருக்கினால் வரும் தொகைக்குச் சற்றுக் குறைவு. அணுவின் சிறுமையை உணர்ந்தவருக்கே ‘சிறிதளவு மாசுதானே’ என்ற சொல் எவ்வளவு பொருளற்றது என்பது விளங்கும். மேற்கே உள்ளவர்களை மட்டும் குறை கூறி நாம் ஒதுங்கவும் முடியாது. நம் ஊர்ச் சாயத்தொட்டிகளிலிருந்து வெளியேறும் நீரிலும் சாயமும் அமிலமும் உப்பும் உண்டு. அணுக்கள் அழிவதில்லை, கண்ணுக்கு மறைந்தாலும் எங்கேயோ போய்ச் சேர்ந்தே தீரும்.

முடிவுரை

தோழர்களே! மேற்கூறியவற்றால் விளங்குவது யாது? உயிரியல் என்பது அணுக்கள் நடத்தும் பெருநாடகம். வேதியியல் அந்நாடகத்தின் மொழி. மொழி தெரியாமல் நாடகம் பார்ப்பவன் நிறத்தையும் அசைவையும் காண்பான், கதையை அறியான்.

நாளை நம்மில் சிலர் ஆசிரியராகலாம்; சிலர் மருத்துவ ஆய்வகத்திலோ பட்டு வளர்ப்புத் துறையிலோ பணிபுரியலாம்; சிலர் மீண்டும் தறிக்கே செல்லலாம். எங்கு சென்றாலும் ஒரு நாள் யாரேனும் ஒருவர் ஒரு குவளை நீரையோ, ஒரு கண்டிச் சரிகையையோ, ஒரு மருந்துச் சீட்டையோ கொண்டுவந்து, “நீ படித்தவனாயிற்றே, இது நல்லதா, பார்த்துச் சொல்” என்று நம் முன் வைப்பார். படிக்காத பெற்றோர் கூலியில் மிச்சம் பிடித்து நம்மைக் கல்லூரிக்கு அனுப்பியதன் பயன் அந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையில் இருக்கிறது. அவ்விடையை நேர்மையாகச் சொல்லும் வலிமையை நமக்குத் தருவது, சுமையென்று நாம் ஒதுக்கும் இந்தத் துணைப்பாடமே. ஆகவே அட்டவணையை அச்சத்தோடு பாராமல், நம் ஊரின் பொருள்களை ஒவ்வொன்றாக அதில் தேடிப் பார்ப்போம். செம்பு, வெள்ளி, தங்கம் நிற்கும் அந்தப் பத்தியிலிருந்தே தொடங்குவோம்.